தேய்த்த எண் எப்படித் திரும்ப வருகிறது?

அமெரிக்காவில் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர் என்ஜினைத் திறக்கும் முன் கண்ணாடி வழியே டாஷ்போர்டின் ஓரத்தைக் குனிந்து பார்ப்பார். ஓட்டுநர் பக்கச் சிறு தகட்டில் வண்டியின் அடையாள எண் இருக்கும். 1981 மாடலிலிருந்து அது 17 இடங்கள் கொண்டது. அதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு முறை.

ஒன்பதாவது இடம்தான் காவல்காரன். எழுத்துகளை எண்ணாக்கி, இடத்துக்கேற்ற எடையால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே நிற்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ். ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கணக்கு இடிக்கும்.

தகட்டையே மாற்றிவிட்டால்? அதற்காகத்தான் சேசிஸிலும் எண் அடிக்கிறார்கள். அதையும் கிரைண்டரால் தேய்க்கும் ஆட்கள் உண்டு. ஆனால் அச்சு அடிக்கும்போது, பள்ளத்துக்கு அடியில் உள்ள எஃகின் படிகங்களும் நசுங்கிவிடுகின்றன. நசுங்கிய பகுதியை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். தடயவியல் நிபுணர் அந்த இடத்தைப் பளபளப்பாக்கி, தாமிரக் குளோரைடு கலந்த அமிலத்தால் துடைக்கத் துடைக்க, எண் மங்கலாக எழும்பி வரும். மிக ஆழமாகத் தேய்த்திருந்தால் வராது.

தகடு, சேசிஸ், உரிமைப் பத்திரம் மூன்றிலும் எண் பொருந்தவில்லையா? எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம்.