ஊசி குறையும் மாதங்கள்

நீரிழிவு கண்ட இளம்பிள்ளை, இன்சுலின் ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே தேறி எழுவதை நீங்கள் கண்டிருக்கலாம். ஊசியின் அளவு படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு ஊசியே வேண்டாத நிலையும் வந்துவிடுகிறது. ஓதி ஊதிய தண்ணீரின் பலன் என்பார் ஒருவர். கருஞ்சீரகத்தின் பலன் என்பார் மற்றொருவர். பெற்றவளோ ஆனந்தக் கண்ணீருடன் மருந்தை அப்புறப்படுத்தி விடுகிறாள். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

நிகழ்வது என்ன? உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பதால் இளம்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இந்நோய் வருகிறது. நோய் வெளிப்படும்போது எஞ்சியிருக்கும் செல்கள், மிகுந்த சர்க்கரையால் சோர்ந்து கிடக்கின்றன. ஊசி வழியே இன்சுலின் சென்றதும் அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது, மீண்டும் சுரக்கின்றன. ஆனால், அழிவு நின்றபாடில்லை. சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டு கடந்து, அவையும் ஓய்ந்துவிடுகின்றன. ஒரு பிள்ளைக்குச் சில வாரமும் இன்னொரு பிள்ளைக்குப் பல மாதமும் இந்த அவகாசம் கிட்டுவது ஏன் என்பது மருத்துவ உலகுக்கே இன்னும் முழுமையாக விளங்கவில்லை. இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'தேனிலவு'! பள்ளிச் சிறுவனின் பிணிக்கு இப்படியொரு பெயரா?

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன், இத்தகைய பிள்ளைகளைப் பட்டினியால் வாட்டியே சிறிது காலம் உயிர்தரிக்க வைத்தார்கள். எண்ணிப் பாருங்கள்! அந்த மருந்தையா எறிவது? துஆவுக்கு மருந்து பகையன்று. நோயைத் தந்த இறைவனே மருந்தையும் தந்தான் என நம்பும் நாம், ஷிஃபா ஊசிமுனை வழியாகவும் வரலாம் என்பதை ஏற்க ஏன் தயங்குகிறோம்?

ஊசியை விட்டு மாத்திரைக்கு மாறியவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. பிறந்து ஆறு மாதத்திற்குள் நீரிழிவு கண்ட குழந்தைகள் சிலருக்கு ஒரு மரபணுக் கோளாறே காரணம் என 2004-இல் தெரியவந்தது. அவர்களுள் பலருக்கு மாத்திரையே போதுமானதாயிற்று. ஆயினும் அது சோதனைக்குப் பின், மருத்துவர் மேற்பார்வையில் நடந்த மாற்றம்.

எனவே, ஊசியின் அளவைக் குறைப்பதாயினும் நிறுத்துவதாயினும் மருத்துவர் சொல்லட்டும். சர்க்கரையைச் சோதிப்பதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். தணியாத தாகம், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சிரைப்பு, மூச்சில் பழவாடை ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராமல் பிள்ளையை அந்த இரவிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.