இணையத்தில் ஏற்றும் பயிர்ப் படம் பக்குவமாவது எப்படி?

விருத்தாசலம் பகுதியில் நிலக்கடலை பயிரிடும் நீங்கள், இலையில் புள்ளி கண்டவுடன் கைபேசியில் யூடியூப் படத்தைத் தேடிப் பார்க்கிறீர்கள். படம் மங்கலாக ஓடினால் நோயைத் தவறாகக் கணிக்க நேரிடும். மருந்துச் செலவும் வீணாகும். எனவே அப்படம் எவ்வாறு தயாராகிறது என்பதை அறிந்து கொள்வது நல்லது.

பல அளவுப் பிரதிகள்

நம் ஊர்ப் பீங்கான் தொழிலில் ஒரே களிமண் குழம்பைப் பல அளவு அச்சுகளில் ஊற்றிப் பொம்மைகள் வார்ப்பதில்லையா? அதுபோலவே, ஏற்றப்பட்ட ஒரே படத்திலிருந்து 144, 360, 720, 1080 எனப் பல தரங்களில் பிரதிகள் எடுக்கப்படுகின்றன. இவ்வெண்கள் படத்தின் உயரத்திலுள்ள புள்ளி வரிசைகளைக் குறிக்கும். 360 தரத்தைப் போல் 9 மடங்கு புள்ளிகள் 1080 தரத்தில் உண்டு.

சுருக்குதல்

ஓடும் படம் என்பது விநாடிக்குச் சுமார் 30 நிழற்படங்களின் தொடர். ஒன்றை முழுமையாகச் சேமித்து, அடுத்தவற்றில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக் கொள்வதால் அளவு வெகுவாகக் குறைகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களும் நீக்கப்படுகின்றன. 2003ஆம் ஆண்டு வெளிவந்த எச்.264 என்னும் முறை இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

துண்டுகளாக்குதல்

பின்னர் ஒவ்வொரு பிரதியும் சில விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பல இடங்களிலுள்ள கணிப்பொறிகளில் வைக்கப்படுகிறது. இணைய வேகத்திற்கேற்ப அடுத்த துண்டை எந்தத் தரத்தில் பெறுவது என்று கைபேசி தானே தீர்மானிக்கிறது. கொல்லையில் சிக்னல் குறைந்தால் படம் நிற்காமல் மங்குவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை

1. முன் இலைப்புள்ளி நோயில் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் காணப்படும். துரு நோயில் இலையின் அடியில் செம்பழுப்புக் கொப்புளங்கள் தோன்றும். 144 தரத்தில் இரண்டும் ஒன்றுபோல் தெரியக்கூடும். அறிகுறிகளைக் காட்டும் இடத்தில் தரத்தை 720க்கு உயர்த்துங்கள். பேச்சை மட்டும் கேட்க 144 போதும்.

2. விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் ஓடும் படம் 10 நிமிடத்தில் 75 மெகாபைட் டேட்டாவைச் செலவழிக்கும். 3 மெகாபிட் ஆனால் 225 மெகாபைட் ஆகும்.

3. நீங்களே படம் எடுக்கும்போது கைபேசியை அசைக்காமல் பிடித்து, இலையின் இருபுறத்தையும் காட்டுங்கள். அசைந்தால் காட்சி முழுவதும் மாறிக்கொண்டே இருப்பதால், சுருக்கும்போது தெளிவு கெடும்.

4. ஏற்றுமுன் வேறு செயலியில் சுருக்க வேண்டாம். இருமுறை சுருக்கினால் விவரம் மேலும் இழக்கப்படும்.

5. ஏற்றியவுடன் குறைந்த தரப் பிரதியே முதலில் தயாராகும். சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

படம் கண்டும் ஐயம் தீராவிடில், நோயுற்ற செடியுடன் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிப் பயன் பெறுங்கள்.