பகுதியும் முழுமையும்: இணைப்புவேளை உகப்பாக்கத்திற் பொருட் கோப்புகள்

கணினிச் செய்நிரலாக்கம் பற்றிய ஆய்வினைத் தமிழ்ச் சங்க இதழொன்றில் எதிர்பாராத வாசகர் இருக்கக்கூடும். எனினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னிப் பெருநிலத்தில் மாணவர் கையாளும் கருவிகளின் உள்ளியக்கத்தைத் தமிழிலே விளக்குதல் மொழித்துறையினருக்கும் உரிய பணியாகும். இணைப்பி எனும் கருவி, 'இணைப்புவேளை உகப்பாக்கம்' எனப்படும் முறையிலே பொருட் கோப்புகளை எவ்வாறு கையாள்கின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

பெரிய செய்நிரல் எதுவும் ஒரே கோப்பாக எழுதப்படுவதில்லை. தொகுப்பியானது ஒவ்வொரு மூலக் கோப்பையும் தனித்தனியே பொறிமொழிக்கு மாற்றிப் பொருட் கோப்பொன்றை ஆக்குகின்றது. அக்கோப்பில் மூன்று கூறுகள் முதன்மையானவை. முதலாவது, பொறிக் கட்டளைகளும் தரவுகளும். இரண்டாவது, அக்கோப்புப் பிறவற்றுக்கு வழங்கும் பெயர்களையும் பிறவற்றிடம் வேண்டிநிற்கும் பெயர்களையும் குறிக்கும் அட்டவணை. மூன்றாவது, முகவரி தெரியாமையால் நிரப்பாது விடப்பட்ட இடங்களின் பட்டியல். வேண்டிய பெயரை வழங்கிய பெயரோடு பொருத்தி, விடுபட்ட முகவரிகளை நிரப்பி, யாவற்றையும் ஒன்றாக்குவதே இணைப்பியின் மரபுவழிப் பணி.

இங்கே உழைப்புப் பிரிவினையின் தெளிவான உருவொன்றைக் காண்கின்றோம். பட்டறைத் தொழிலிற் பகுதித் தொழிலாளி எவனும் தனியே சரக்கெதனையும் ஆக்குவதில்லை, கூட்டுழைப்பின் விளைபொருளே சரக்காகின்றது என்பதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்றொகுதியிலே மார்க்ஸ் விளக்கினார். பொருட் கோப்பும் அத்தகையதே. தனித்து நின்று அது இயங்காது.

இப்பிரிவினையிலே ஒரு முரண்பாடு உண்டு. ஒரு கோப்பிலுள்ள செயற்கூறு, வேறொரு கோப்பிலுள்ள இரண்டுவரிச் செயற்கூற்றைப் பத்து இலட்சம் முறை அழைப்பதாகக் கொள்வோம். அவ்விரண்டு வரிகளையும் அழைக்கும் இடத்திலேயே பதித்துவிட்டால் அழைக்கும் செலவு முழுவதும் மிச்சமாகும். ஆனால் முதற் கோப்பை மொழிபெயர்க்கும் வேளையிலே தொகுப்பிக்கு மற்றக் கோப்பின் உள்ளடக்கம் தெரியாது. அவ்வாறே எவரும் அழைக்காத செயற்கூற்றையும், வெளியே யாரேனும் அழைக்கக்கூடும் என்பதால் அது நீக்காது வைத்திருக்கும். செய்நிரலின் அமைப்பை ஆராயவல்ல தொகுப்பிக்கு முழுமை புலப்படுவதில்லை. முழுமையைக் காணும் இணைப்பிக்கோ அவ்வாராய்ச்சி கைவராது.

இம்முரண்பாட்டுக்கான தீர்வு பொருட் கோப்பின் இயல்பையே மாற்றுவதிலே தொடங்குகின்றது. புதிய முறையிற் பொருட் கோப்பானது முடிந்த பொறிமொழியை அன்றி, ஆராய்ச்சிக்கு இடந்தரும் இடைநிலை வடிவத்தைத் தாங்கி வருகின்றது. விரும்பின் இரு வடிவங்களையும் ஒருங்கே வைக்கலாம். இணைப்பி இத்தகைய கோப்பைக் கண்டதும் அதனைத் தன்னோடு பொருத்தப்பட்ட துணைக்கூறொன்றிடம் ஒப்படைக்கின்றது. துணைக்கூறு அக்கோப்பைத் தனதென ஏற்று, அதிலுள்ள பெயர்களை இணைப்பிக்கு அறிவிக்கின்றது. எல்லாக் கோப்புகளையும் பார்த்த பின்னர் இணைப்பி தன் தீர்ப்பைத் திருப்பியளிக்கும்: ஒரே பெயருக்குரிய பல வரையறைகளுள் எது செல்லும், எந்தப் பெயரைச் சாதாரணப் பொருட் கோப்புகளும் வேண்டுகின்றன, எது வெளியே எவருக்கும் வேண்டாதது என்பனவே அத்தீர்ப்பு. அதனை ஆதாரமாகக் கொண்டு தொகுப்பி மீண்டும் தொழிற்படுகின்றது. வேண்டாதன நீங்குகின்றன, சிறியன அழைக்கும் இடங்களிற் பதிகின்றன. இவ்வாறு பிறந்த மெய்யான பொருட் கோப்புகள் இணைப்பியிடம் மீள, இணைப்பு நிறைவுறுகின்றது.

யாவற்றையும் ஒரே குவியலாக்கி ஆராய்வதற்குப் பெரும் நினைவகம் தேவை. வசதி குறைந்த கணினிகளில் இது இயலாததாகலாம். இரணைமடுவின் சிறுபோகத்தை எண்ணினால் இதற்கான தீர்வு எளிதில் விளங்கும். குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாதவிடத்து, எவ்வளவு நிலம் விதைப்பது என்பதைத் தனியொரு கமக்காரர் தீர்மானிப்பதில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டமே தீர்மானிக்கின்றது. கூட்டத்திற்கு எவரும் வயலைக் கொண்டுவருவதில்லை. காணியின் அளவும் குளத்தின் நீர்மட்டமுமே அங்கு பேசப்படுகின்றன. தீர்மானமான பின்னர் அவரவர் தத்தம் வயலில் ஒரே காலத்தில் விதைக்கின்றனர். எல்எல்விஎம் தொகுதியிலே 2016ஆம் ஆண்டளவிற் புழக்கத்துக்கு வந்த மெல்லிய இணைப்புவேளை உகப்பாக்கம் இவ்வாறே இயங்குகின்றது. ஒவ்வொரு கோப்பின் சுருக்கம் மட்டுமே மையத்தில் ஆராயப்படும். எக்கோப்பு எச்செயற்கூற்றைப் பிறிதொன்றிலிருந்து பெறலாம் எனத் தீர்மானிக்கப்படும். பின்னர்க் கோப்புகள் யாவும் சமகாலத்தில், தனித்தனியே பொறிமொழியாகும்.

இடைநிலை வடிவம் வெளிப்பட்டதும் உடைமைப் பிரச்சினையும் எழுந்தது. அவ்வடிவம் கோப்பாக எழுதப்படுமாயின், தனியுடைமை நிறுவனங்கள் பொதுவுழைப்பால் ஆன ஜிசிசி தொகுப்பியின் முற்பகுதியைப் பயன்படுத்தி, அதனோடு தமது மூடிய பிற்பகுதியைப் பொருத்திவிடும் என்ற அச்சம் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையிடம் இருந்தது. 2009இல் நூலகங்களுக்கான உரிம விதிவிலக்குத் திருத்தப்பட்டது. கட்டற்ற உரிமத்துக்கு ஒவ்வாத கருவியால் இடைநிலை வடிவத்தைப் பதப்படுத்தி ஆக்கிய செய்நிரலுக்கு அவ்விதிவிலக்கின் சலுகை கிடையாதென வரையறுக்கப்பட்டது. அதன் பின்னரே, 2010இல் வெளிவந்த ஜிசிசி 4.5இல் இம்முறை இடம்பெற்றது. தொழினுட்பம் உற்பத்தி உறவுகளுக்குப் புறம்பாக வளர்வதில்லை என்பதற்கு இஃதொரு நற்சான்று.

மாணவர் மனங்கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள் இரண்டு உள. இடைநிலை வடிவம் தொகுப்பியின் பதிப்போடு பிணைந்தது. ஒரு பதிப்பில் ஆக்கிய கோப்பினை மற்றொரு பதிப்பு ஏற்காமற்போகலாம். பொறிமொழிக்கு நெருங்கிய கட்டளைகளைச் செய்நிரலுக்குள் நேரடியாக எழுதுமிடத்து, அவற்றுள் மறைந்து நிற்கும் பெயர்களைத் தொகுப்பி காணாது. தேவையற்றவையெனக் கருதி நீக்கியும்விடலாம். ஆதலின் எப்பெயர் பேணப்படவேண்டும் என்பதை எழுதுபவரே வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

முழுமை பற்றிய அறிவு மையத்தில் தேங்குவதனாற் பயனில்லை. அது பகுதிகளுக்குத் திரும்பிச் சென்று அவற்றை மாற்றும்போதே பயன் விளைகின்றது. இணைப்புவேளை உகப்பாக்கத்தின் சாரம் இதுவே. ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய இரண்டின் மூலக் குறிமுறைகளும் எவரும் படிக்கத்தக்கனவாகத் திறந்து கிடக்கின்றன. வன்னி மாணவர் இம்முறையினை ஆணைவரியிற் சேர்க்கும் ஒரு சொல்லாக மட்டும் அறிந்து அமைதல் போதாது. அதன் உள்ளே புகுந்து கற்றல் வேண்டும். கருவியை இயக்குபவர் என்ற நிலையிலிருந்து அதனை ஆக்குபவர் என்ற நிலைக்கு உயரும் வழி அதுவேயாகும்.