வயலில் அடிபட்டு விழும் கூகைக்கு என்ன உதவி செய்யலாம்?

சம்பாப் பயிர் பொதி கட்டும் நாட்களில் வரப்புக்கு வரப்பு எலி வளை தோன்றுவதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். கிட்டி வைக்கிறோம், வளையைத் தோண்டுகிறோம், நச்சுணவு வைக்கிறோம். இதே வேலையை இரவு நேரத்தில் கூலி கேட்காமல் செய்து வருவது கூகை. இதய வடிவில் வெள்ளை முகமும், பொன்னிறம் கலந்த சாம்பல் நிற முதுகும் உடைய இந்த ஆந்தை, கோயில் கோபுரத்திலும், பாழடைந்த வீட்டிலும், கிணற்றுச் சுவர்ப் பொந்திலும் குடியிருக்கும். வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் இரவில் அதன்மேல் வந்து அமர்ந்து எலி பிடிக்கும். எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் இடத்தின் அடியில் கிடக்கும் உருண்டை ஒன்றைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிரித்துப் பாருங்கள். எலி மண்டை ஓடுகளை நீங்களே எண்ணிவிடலாம்.

இத்தகைய பறவை அடிபட்டு நம் நிலத்தில் கிடந்தால் என்ன செய்வது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாதிருந்தது.

2018ஆம் ஆண்டு மார்கழியில், காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூருக்கு வயலாய்வுக்காகச் சென்றிருந்தேன். ஐந்து மா நிலம் உடைய விவசாயி ஒருவர், ஆடு கோழி புகாமலிருக்கத் தம் கத்தரித் தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டியிருந்தார். நான் போவதற்கு ஐந்து நாள் முன்னர், விடியற்காலையில் அந்த வலையில் ஒரு கூகை சிக்கித் தொங்கியிருக்கிறது. ஒரு பக்க இறக்கை முறிந்திருந்தது. காக்கைகள் கூட்டமாகக் கூடிக் கொத்தத் தொடங்கிவிட்டன. "சாக்குருவி அது, அடிச்சுப் போடு" என்று அண்டை வீட்டார் சொல்லியும் அவர் அடிக்கவில்லை. வலையை அறுத்து எடுத்துக் கோழிக் கூடையில் கவிழ்த்து வைத்தார். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினார். ஆட்டுக்குட்டிக்குக் கால் முறிந்தால் கட்டுவதுபோல் மூங்கில் சிம்பு வைத்து உடம்போடு இறுகக் கட்டினார். பசிக்குமே என்று பாலாடையில் பாலும் புகட்டினார்.

"சார், வீட்ல ஒரு ஆந்தை இருக்கு, வந்து பாருங்க" என்று என்னை அழைத்துப் போனார். வாயைத் திறந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நான்கைந்து பேரிடம் கைப்பேசியில் கேட்டு முடிப்பதற்குள் மாலையாகிவிட்டது. கூகை இறந்துவிட்டது.

அதன் பின்னர் கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன். அந்த விவசாயி அன்போடுதான் அத்தனையும் செய்தார். ஆனால் பறவையின் உடம்பு ஆட்டின் உடம்பைப் போன்றதன்று. பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது எளிதில் நுரையீரலுக்குள் போய்விடும். பாலைச் செரிக்கும் ஆற்றலும் பறவைக்கு இல்லை. கூகை தனக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் எலியின் உடம்பிலிருந்தே பெற்றுக்கொள்ளும். ஆகவே அடிபட்டு அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்கு மருத்துவர் பார்க்கும் வரை எதுவும் ஊட்டாமலிருப்பதே நலம். எண்ணெய் பட்ட இறகு குளிரைத் தாங்காது. மார்கழிப் பனியில் அதுவே உயிருக்கு ஆபத்து.

கட்டுப் போட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நமக்கு உள்ளதுபோல் பறவைக்கு மூச்சு வாங்க உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சைச் சுற்றி இறுகக் கட்டினால் மூச்சுத் திணறிவிடும். அதோடு, பறவையின் எலும்பு விரைவில் கூடிவிடும் தன்மையது. சுமார் மூன்று வாரத்தில் கெட்டிப்பட்டுவிடும். இது நன்மைதானே என்று தோன்றும். ஆனால் கோணலாகக் கூடிய இறக்கை மீண்டும் பறக்க உதவாது. எனவே வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பறவைக்கு நட்டமே.

பின், நாம் செய்யத்தக்கது என்ன? மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். பறவையை உள்ளே விடுவதற்கு முன்பே பக்கவாட்டில் ஆணியால் பத்துப் பதினைந்து துளை போட்டுக்கொள்ள வேண்டும். அடியில் நூல் பிரியாத பழைய துணியை விரிக்கவும். பின்னாலிருந்து சென்று தடித்த துண்டை அதன் மேல் போர்த்தித் தலையை மூடிவிட்டால் பறவை அடங்கிவிடும். கூகையின் அலகைவிடக் கால் நகங்களே ஆபத்தானவை. ஆகவே துண்டோடு சேர்த்துக் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கொக்கு, நாரை ஆனால் கதையே வேறு. அவை கண்ணைக் குறி வைத்துக் கொத்தும். முகத்தை எட்டவே வைத்துக்கொள்ளுங்கள். வலையில் சிக்கியிருந்தால் இழுத்து எடுக்காமல், சுற்றிலும் வலையை அறுத்து, உடம்பில் இறுகியுள்ள இழைகளோடே பெட்டியில் வைக்கவும். அவற்றை மருத்துவர் எடுப்பார்.

பெட்டியை மூடி, நாய் பூனை அண்டாத, இருட்டான, காற்றோட்டமுள்ள அறையில் வைத்துவிட்டு விலகி வந்துவிட வேண்டும். நமக்கு மிகவும் கடினமான வேலை இதுதான். ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்கள், படம் எடுக்க வேண்டும் என்பார்கள். திறந்து திறந்து பார்ப்பதால் மட்டுமே இறக்கும் பறவைகளும் உண்டு. கம்பிக் கூண்டில் வைத்தால் மோதி மோதி இறகு முறியும். கோழிக் கூடையும் வேண்டாம், கோழிகளின் அருகிலும் வேண்டாம். ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் காட்டுப் பறவை வழியாகவும் வரக்கூடும். தொட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுக. காக்கையோ வாத்தோ ஒரே இடத்தில் பல செத்துக் கிடந்தால் அறவே தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அது பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும்.

பனை மரத்தடியில் வெண்பஞ்சு போன்ற குஞ்சு ஒன்று பாம்புபோல் சீறிக்கொண்டு கிடந்தால், அது பெரும்பாலும் பொந்திலிருந்து விழுந்த கூகைக் குஞ்சு. காயம் இல்லையெனில் பொந்திலேயே திரும்ப வைத்துவிடலாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான எண்ணம்.

யாரிடம் ஒப்படைப்பது? முதலில் வனத்துறை. வனக்காப்பாளர், வனச்சரக அலுவலகம், மாவட்ட வன அலுவலகம் இவற்றில் எதற்கும் தெரிவிக்கலாம். "கேஸ் ஆகிவிடுமோ" என்ற அச்சத்தில் பலர் சொல்லாமல் விடுகின்றனர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இத்தகைய உயிரினம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் வைத்து வளர்ப்பதில்தான் வில்லங்கம் உள்ளது. மயிலானால் இன்னும் கவனம் தேவை. அது நம் தேசியப் பறவை, சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. உதிர்ந்து கிடக்கும் தோகையைக்கூட அப்போது கையில் எடுக்காதீர்கள்.

வனத்துறையினர் வரத் தாமதமானால் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் பெட்டியோடு கொண்டு செல்லலாம். தகவல் சொல்லிவிட்டே கிளம்ப வேண்டும். எக்ஸ்ரே, அறுவை வேண்டுமெனில் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

நஞ்சு உண்ட பறவைக்கு நேரம் இன்னும் குறைவு. உடல் நடுக்கம், வாயில் நீர் ஒழுகுதல், நிற்க முடியாமல் கால் துவளுதல் ஆகியவை பூச்சிமருந்தின் அறிகுறிகள். அருகில் யார் என்ன மருந்து அடித்தார்கள், விதையில் என்ன கலந்தார்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவும், முடிந்தால் காலி டப்பாவையே காட்டவும். மாற்று மருந்து அதைப் பொறுத்ததே. புரோமடையோலோன் போன்ற எலிமருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைத்தான் கூகை எளிதில் பிடிக்கும், பிறகு அதற்கும் உள்ளே இரத்தம் கசியும். நச்சுணவு வைத்த மறுநாளிலிருந்து காலையில் வயலைச் சுற்றி வந்து செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

எல்லாப் பறவையும் பிழைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். மூட்டில் முறிந்தால் பறக்க வைப்பது மிகக் கடினம். வலியின்றி முடித்துவிடலாம் என்று மருத்துவர் தீர்மானித்தால் அவரிடம் வாதாட வேண்டாம்.

அதே விவசாயிக்கு 2021இல் மீண்டும் அப்படி ஒரு காலை வந்தது. இம்முறை சாலையோரம் வண்டியில் அடிபட்ட கூகை. அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தார், எடுப்பார் இல்லை. இன்னொன்றில் "எங்க எல்லை இல்லை" என்றார்கள். என்னிடம் கேட்டுக்கொண்டு, காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மடியில் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டார். முறிவு இறக்கையின் நடுவில் இருந்ததால் மருத்துவர் இறக்கையை மடித்து எட்டு வடிவக் கட்டுப் போட்டார். மறுநாள் வனத்துறையினர் வந்து வாங்கிக்கொண்டனர். ஒரு மாதத்துக்கும் மேலாகப் பராமரித்து, பறக்கவிட்டுச் சோதித்து, ஓர் அந்தி நேரத்தில் அவ்வூர்ச் சிவன் கோயில் அருகிலேயே விட்டனர். தம் வயல் மட்டையில் வந்து உட்காருவது அதே கூகைதான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு எல்லாக் கூகையும் ஒன்று போலவே தெரிகின்றன.

பம்புசெட் அறைச் சுவரில் மின்வாரிய எண்ணுக்குக் கீழே வனக்காப்பாளர் எண்ணையும் கால்நடை மருந்தக எண்ணையும் அவர் கரியால் எழுதி வைத்திருக்கிறார். கத்தரித் தோட்டத்துக்கு இப்போது தென்னங்கீற்றுத் தட்டிதான். பழைய மீன்வலை பரணில் கிடக்கிறது.