சூதும் சாமர்த்தியமும்

போக்கர் என்னும் சீட்டாட்டம் சாமர்த்தியத்தைச் சேர்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சேர்ந்ததா என்னும் கேள்வி நமது நியாயஸ்தலங்களில் வெகுவாக அடிபட்டிருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ம் ஆண்டில் இயற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று அட்டவணையில் சேர்த்தது. 2023-ம் ஆண்டு நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, சட்டத்தை நிலைநிறுத்தியபோதிலும், அவ்விரண்டும் திறமையால் ஆடப்படுபவையே என்று கூறி அந்த அட்டவணையை நீக்கிற்று. 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டு இயற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் இணையவழியில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் கூடாது என்று விதித்துவிட்டது. வக்கீல்களின் வாதம் ஒரு புறம் இருக்கட்டும். திறமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் திறமையில் தம் காலத்தில் நிகரற்று விளங்கிய ஒருவருடைய சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஸ்டூ அங்கர் என்பவர் 1953-ம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு மதுக்கடை நடத்தியவர். பந்தயப் பணம் வாங்கிக் கொடுப்பதும் அவர் தொழில். பிள்ளை எழுத்துக் கற்ற வயதிலேயே சீட்டும் கற்றான். தந்தை இறந்தபின் பள்ளிக்கூடத்தை விட்டு, ஜின் ரம்மி ஆடிச் சம்பாதிக்கலானான். விழுந்த சீட்டு அனைத்தையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, எதிராளியின் கையிலிருப்பதைக் கண்ணால் கண்டதுபோல் சொல்லக்கூடிய ஞாபகசக்தி அவனுக்கு இருந்தது. சில ஆண்டுகளில் அவனோடு ஜின் ஆட யாரும் முன்வரவில்லை. திறமை மிகுந்ததனால் பிழைப்புக் கெட்ட விசித்திரத்தை இங்கே காண்கிறோம். சீட்டாட்டக்காரனுக்குத் தன்னிலும் குறைந்தவர்கள் வேண்டும். அவர்கள் இழக்கும் பணமே அவனுக்குச் சோறு. ஆகவே அங்கர் சூதாட்ட நகரமாகிய லாஸ் வேகாஸ் சேர்ந்து, போக்கருக்கு மாறினார்.

அந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாக மேஜைமீது விரிக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை. இடையிடையே பந்தயம் ஏறும். ஈடுகொடுக்க அஞ்சுபவர் சீட்டைக் கீழே போட்டுவிட்டு விலகவேண்டியதுதான். எனவே மட்டமான சீட்டுடையவனும் பெருந்தொகையை முன்னே தள்ளி, நல்ல சீட்டுடையவனை ஓட்டிவிடலாம். அங்கர் இதில் வல்லவர். பணத்தைப் பணமாகவே அவர் மதிக்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு ஒரு வீட்டின் விலையாகத் தோன்றுவது அவருக்கு வெறும் வில்லைகளாகத் தோன்றிற்று. இந்த அலட்சியந்தான் அவர் ஆயுதம்.

1980-ம் ஆண்டு, 1976-லும் 1977-லும் பட்டம் பெற்றிருந்த டாயில் பிரன்சனை இறுதி ஆட்டத்தில் எதிர்த்தார். பிரன்சனிடம் ஆஸும் ஏழும். அங்கரிடம் ஐந்தும் நான்கும். மேஜைமீது முதலில் விழுந்த மூன்று சீட்டுகள் ஆஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரண்டு ஜோடி கிடைத்துவிட்டது. நான்காவதாக மூன்று விழுந்தது; ஆஸ் முதல் ஐந்து வரையிலான வரிசை அங்கருக்கு அமைந்தது. பரிசு 3,65,000 டாலர், வயது இருபத்தாறு. மறு ஆண்டும் அவரே வென்றார். ஆட்டத்தில் அவருடைய சாமர்த்தியத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் அந்த இடத்தில் மூன்றை வரவழைத்தது எந்தச் சாமர்த்தியம் என்று வினவ நமக்கு உரிமையுண்டு.

மேஜையில் வென்ற பணம் மேஜையோடு நிற்கவில்லை. குதிரைப் பந்தயத்திலும், பிறர் ஆடும் பந்தாட்டங்களின்மேல் கட்டும் பந்தயத்திலும், பகடையிலும் அது கரைந்தது. அங்கே எதிராளியின் முகமும் இல்லை, படிக்கக் கண்ணும் பயனில்லை. மேஜையில் ஆயுதமாயிருந்த அலட்சியமே வெளியில் அவரைத் தின்றது. கொக்கேயின் என்னும் போதை மருந்தும் சேர்ந்துகொண்டது. நளன் இருதுபன்னனிடம் சூதின் வித்தையைக் கற்று, இழந்த நாட்டை மீட்டான் என்பதைச் சிலர் இங்கு எடுத்துக்காட்டக் கூடும். மெய்தான்; ஆனால் நளன் மீட்டதோடு எழுந்துவிட்டான்.

1990-ம் ஆண்டு உலகப் போட்டியின் மூன்றாம் நாள், முன்னணியில் நின்ற அங்கர் ஆட்டத்துக்கு வரவில்லை. ஓட்டல் அறையில் போதை மருந்தின் மிகுதியால் நினைவிழந்து கிடந்தார். ஆட்டவிதிப்படி ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயமாக ஒரு சிறு தொகை வராதவர் குவியலிலிருந்தும் எடுக்கப்படும். குவியல் அவ்வளவு பெரிதாயிருந்ததால், காலி நாற்காலி ஒன்பதாம் இடம் வரை சென்று பரிசும் பெற்றது!

1997-ல் கையில் காசில்லை. நுழைவுக் கட்டணம் 10,000 டாலரை, வெற்றியில் பாதி என்ற பேச்சின்மேல், பில்லி பாக்ஸ்டர் என்ற சக ஆட்டக்காரர் கட்டினார். போட்டியிட்டோர் 312 பேர். போதையினால் சிதைந்த மூக்கை மறைக்க நீல நிற மூக்குக் கண்ணாடி அணிந்து, மகளின் படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு அங்கர் ஆடினார். இறுதிக் கையில் அவரிடம் ஆஸும் நான்கும். எதிராளியான ஜான் ஸ்ட்ரெம்பிடம் ஆஸும் எட்டும். மேஜையில் ஆஸ், ஐந்து, மூன்று, மறுபடி மூன்று. எட்டு உடையவரே மேல். கடைசிச் சீட்டு இரண்டாக விழுந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அமைந்த அதே வரிசை மீண்டும் அமைந்தது. பத்து லட்சம் டாலரில் பாதி பணம் போட்டவருக்கு. சீட்டைத் தொடாதவருக்கு ஐந்து லட்சம்!

தமது பாதியை அங்கர் சில மாதங்களிலேயே தொலைத்தார். 1998-ல் பட்டத்தைக் காக்க வேண்டிய போட்டிக்குப் பாக்ஸ்டர் மறுபடியும் பணம் கட்ட முன்வந்தும், அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 22-ந் தேதி, லாஸ் வேகாஸின் மலிவான விடுதியொன்றில் பிணமாகக் காணப்பட்டார். வயது நாற்பத்தைந்து. நெடுநாள் போதைப் பழக்கத்தால் இருதயம் கெட்டிருந்தது என்று பரிசோதித்தவர்கள் கண்டார்கள். அவரிடம் இருந்த பணம் சுமார் 800 டாலர். அடக்கச் செலவுக்காக, வந்திருந்தவர்களிடம் வசூல் செய்தார்கள்.