தோள் பெருத்தால் போதுமா? டம்பெல்ஸ் பயிற்சியில் வீரர்கள் கவனிக்க வேண்டியவை

"அண்ணே, தோள் நல்லா விரியணும், எத்தனை கிலோ தூக்கணும்?" ஜிம்மில் சேரும் இளைஞர்கள் பலரின் முதல் கேள்வி இதுதான். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன திருக்கோஷ்டியூர், சிராவயல் வட்டாரத்தில் காளையின் திமிலைப் பிடிப்பவருக்கும், கபடியில் ரைடரை மடக்குபவருக்கும் தோள்தான் மூலதனம். ஆனால் எடையைவிட முக்கியம், தோளின் எந்தப் பக்கத்தைப் பழக்குகிறோம் என்பது.

தோள் ஏன் நழுவுகிறது?

ஆழமில்லாத ஆட்டுக்கல்லில் பெரிய குழவியை வைத்தது போன்றது தோள் மூட்டு. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் சுழல்கிறது. அதனாலேயே எளிதில் நழுவவும் செய்கிறது. எலும்பைக் குழியில் பிடித்து வைப்பவை 'ரொட்டேட்டர் கஃப்' எனப்படும் நான்கு சிறு தசைகள். பந்தை எறிந்த பிறகு கைக்கு பிரேக் போடுவதில் பின்பக்கத் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில், பாய்ந்து ஃபீல்டிங் செய்த ஷ்ரேயஸ் ஐயரின் இடது தோள் நழுவியது. அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் ஐபிஎல்லில் மீண்டும் ஆடியது செப்டம்பரில்தான். எந்தப் பயிற்சியும் இப்படிப்பட்ட விபத்தை முழுமையாகத் தடுக்காது. ஆபத்தைக் குறைக்க உதவும்.

என்ன செய்யலாம்?

* ஷோல்டர் பிரஸ்: டம்பெல்ஸைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தூக்குவது. இடுப்பு வளையக் கூடாது.
* லேட்டரல் ரைஸ்: கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்குவது.
* ரியர் ஃப்ளை: முன்னால் குனிந்து, கைகளை இருபுறமும் விரிப்பது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.
* வெளிச்சுழற்சி: ஒருக்களித்துப் படுத்து, மேல் கையின் முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை மட்டும் மேலே திருப்புவது. இதற்கு 1 கிலோ போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே தாராளம்.

ஒவ்வொன்றையும் 10 முதல் 12 தடவை, 2 அல்லது 3 சுற்று, வாரம் இரண்டு நாள் செய்யலாம். தூக்குவதைவிட மெதுவாக இறக்க வேண்டும். கடைசி இரண்டு தடவை உடம்பை ஆட்டித் தூக்க வேண்டியிருந்தால், எடை அதிகம் என்று பொருள். கைகளைச் சுழற்றி உடலைச் சூடாக்காமல் தொடங்கக் கூடாது.

நழுவிவிட்டால்?

"ஒரு இழு இழுத்தா சரியாயிடும்" என்று மைதானத்திலேயே இழுத்துவிடக் கூடாது. நரம்பும் ரத்தக்குழாயும் பாதிக்கப்படலாம். கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருமுறை நழுவிய தோள், குறிப்பாக இளம் வயதினருக்கு, மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். அவர்கள் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்ட பிறகே டம்பெல்ஸைத் தொட வேண்டும்.