வலிக்காத கால்

சர்க்கரை நோயால் காலை இழந்த ஒருவரிடம், எப்படி ஆரம்பித்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். புதுச் செருப்பு கடித்தது. பாதத்தில் இருந்த ஆணியை பிளேடால் சீவினேன். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றினேன், மறுநாள் கொப்புளம் இருந்தது. சொல்லி முடிக்கும்போது, “வலிக்கவே இல்லை, அதனால் விட்டுவிட்டேன்” என்பார்கள். காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்களெல்லாம் கைநழுவியது அந்த ‘விட்டுவிட்டேன்’ என்ற இடத்தில்தான்.

2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐசிஎம்ஆர்–இந்தியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை பாதப்புண் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் செய்யப்படும் கால் நீக்க அறுவைச் சிகிச்சைகளில் 100க்கு 85 அளவில் ஏதோ ஒரு புண்ணில் தொடங்கியவை. புண் வராமல் பார்த்துக்கொண்டாலோ, வந்த புண்ணை உடனே கவனித்தாலோ, இந்தக் கால்களில் பெரும்பகுதி நிலைத்திருக்கும்.

வலி ஏன் வராமல் போகிறது?

உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால், இந்த நீள நரம்புகளின் நுனிகள்தான் முதலில் பழுதாகின்றன. அதனால் மரத்துப்போவது விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல மேலே ஏறும். சிலருக்கு இரவில் பாதம் எரியும், ஊசி குத்துவதுபோல இருக்கும். எரிச்சல் இருப்பதால் உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எரிகிற அதே பாதத்தில் கருவேல முள் ஏறினாலும் தெரியாமல் போகலாம்.

உணர்ச்சி நரம்போடு கேடு நிற்பதில்லை. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் கெட்டால் தோல் காய்ந்து குதிகாலில் வெடிப்பு விழுகிறது. பாதத்தின் சிறு தசைகளுக்கான நரம்புகள் கெட்டால் விரல்கள் மடங்கி, உடல் எடை முழுவதும் முன்பாதத்தின் ஒன்றிரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. அங்கே தோல் தடித்து ஆணி விழும். நாம் அதை வெறும் தடிப்பு என்று நினைக்கிறோம். நடக்க நடக்க அந்தத் தடிப்பே உள்ளிருக்கும் சதையை அழுத்தி, அடியில் ரத்தம் கசிந்து, மேலே ஒன்றும் தெரியாமலே புண் உருவாகிவிடும். ஆணியில் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே புண் வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இதோடு ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்தால் ஆற வேண்டிய புண் ஆறாது. புகைப்பவர்களுக்கு இந்த அடைப்பு சீக்கிரமே வருகிறது. பீடியும் சிகரெட்டும் நுரையீரலுக்கு மட்டும் கேடு என்று எண்ணுகிறவர்களிடம் மருத்துவர்கள் காலைக் காட்டிப் பேச வேண்டும்.

வேலூரிலும் கரிகிரியிலும் கண்டது

மரத்துப்போன பாதத்தை எப்படிக் காப்பது என்ற அறிவில் பெரும்பகுதி தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. அதன் முக்கியமான அத்தியாயம் நம் வடஆற்காட்டு மண்ணில் எழுதப்பட்டது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி உதிர்கின்றன என்றே அப்போது பலரும் நம்பினார்கள். பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வேலைகளைக் கூர்ந்து பார்த்தார்கள். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பது, ஆணி குத்திய செருப்போடு நாள் முழுக்க நடப்பது, தூக்கத்தில் எலி விரலைக் கடித்தும் விழிக்காமல் இருப்பது எல்லாம் கண்ணில் பட்டன. சதை தானாக அழுகவில்லை. வலி இல்லாததால் காயமும், காயத்தின் மேல் காயமும் சேர்ந்துகொண்டே போயின. காயம்படாமல் காத்தால் அந்தச் சதை மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது.

இந்தத் தெளிவு வந்ததும் வேலை செருப்பின் பக்கம் திரும்பியது. அழுத்தத்தைப் பாதம் முழுவதற்கும் பரப்பும் மிருதுவான எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு வேலூரிலும் அதன் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் உருவாகிப் பரவியது. ஒரு துண்டு ரப்பர், மேலே தோல் வார், குதிகாலின் பின்னே ஒரு பட்டை, ஆணி அடிக்காமல் ஒட்டிய அடிப்பாகம். இந்த எளிய பொருள் எத்தனை பாதங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. 1966இல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அனுபவமும் கூடவே போனது. சர்க்கரை நோயால் மரத்த பாதத்துக்கும் அதே முறைகள் பொருந்தும் என்பது அங்கே உறுதிப்பட்டது. இன்று நம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிக்கு எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்புக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் ஊன்றி, தெரிகிறதா என்று கேட்பார்கள். வீட்டில் அதற்குப் பதிலாக இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும். மகனோ மருமகளோ ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, ஒவ்வொன்றாக, இரு காலிலும், ஒரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொட்டது தெரிந்ததும் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது. அது தெரிந்த நாளிலிருந்து அந்தக் காலுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதும். உணர்ச்சி போனவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் அடுத்த பார்வை. ஒருமுறை புண் வந்த கால் மறுபடி புண்ணாகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதே காரணம்.

தினமும் இரவில்

படுக்கும் முன் பாதத்தைப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் இன்னொருவர் பார்ப்பதே சரி. விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, சிவப்பு, கொப்புளம், வெடிப்பு உண்டா என்று பார்த்து, இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு காலில் ஓரிடம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், தோல் உடைவதற்கு முன்பே உடல் தரும் எச்சரிக்கை அது. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் கையும் எடுத்துக்கொள்கின்றன.

நம் வீடுகளில் அன்போடு செய்யும் சில காரியங்கள் இந்தக் காலுக்கு ஆகாது. கால் குடைச்சலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைப்பது, செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுப்பது இரண்டும் மரத்த காலைப் பொசுக்கிவிடும். சூடு எவ்வளவு என்று அந்தக் காலுக்குத் தெரியாது. ஆணிக்கு ஒட்டும் பட்டையில் அமிலம் இருக்கிறது. அது ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும். குதிகால் வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை ஓரம் தோண்டாமல் நேராக வெட்டுங்கள். மெட்டி இறுகியிருந்தால் கழற்றிவிடுங்கள் அல்லது தளர்த்திப் போடுங்கள்.

வெறுங்காலோடு நடப்பது நமக்குப் பக்தியோடும் மரியாதையோடும் கலந்த விஷயம். அதை விடச் சொல்வது எளிதல்ல என்று அறிவேன். ஆனாலும் மரத்த காலோடு திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவரை வீட்டிலுள்ளவர்கள் தடுத்தே ஆக வேண்டும். கோயிலுக்குள் போக விரும்பினால் தரை சுடாத அதிகாலையில், கனமான காலுறை போட்டு, கொஞ்ச தூரம் நடந்தால் போதும். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். அதைத் தனியாக வைத்துக்கொண்டால் பூஜை அறைக் கவலையும் தீரும்.

புண் வந்துவிட்டால்

அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளுக்குள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மஞ்சளும் காபித்தூளும் பூசிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஒரு வாரத்தில் கிருமி எலும்புவரை இறங்கிவிடலாம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்பதெல்லாம் இங்கே ஆறுதல் தரும் செய்திகள் அல்ல. மருத்துவர் கணுக்காலில் நாடி பார்க்கிறாரா, ரத்த ஓட்டம் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். செய்யவில்லை என்றால் கேளுங்கள். அடைப்பு இருக்கும் காலில் மருந்து போட்டுக்கொண்டே நாட்களைக் கடத்துவது வீண்.

இன்னொன்று, புண்ணின் மேல் நடக்கக் கூடாது. எத்தனை நல்ல மருந்து கட்டினாலும் தினமும் ஆயிரக்கணக்கான முறை மிதிபடும் புண் ஆறாது. அடிப்பாதப் புண்ணுக்கு, காலோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பும் முறைதான் மிகச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று. ஆனால், அதைவிட ஆன்டிபயாடிக் மாத்திரையைத்தான் நாம் அதிகம் நம்புகிறோம்.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் திடீரெனச் சிவந்து, சூடாகி, வீங்கினால் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்க்காதீர்கள். உள்ளே எலும்புகள் ஓசையின்றி நொறுங்கிக்கொண்டிருக்கலாம். ஊன்றுவதை உடனே நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எதற்குப் பணம் கிடைக்கிறது?

1981இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மைக்கேல் எட்மண்ட்ஸ் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். சர்க்கரை மருத்துவர், பாதம் பார்க்கும் பணியாளர், செருப்புத் தயாரிப்பவர், அறுவைச் சிகிச்சையாளர், செவிலியர் அனைவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே பெரிய கால் நீக்கங்கள் ஏறக்குறையப் பாதியாகின. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. உரிய ஆட்கள் உரிய நேரத்தில் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இப்படி முன்கூட்டியே பார்ப்பதற்குப் பணமும் வேண்டும். நம் நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கைகொடுக்கிறது. காலை எடுக்க ஆகும் செலவு கிடைக்கும், கால் போகாமல் காக்கும் செருப்புக்கும் ஆணி சீவும் பத்து நிமிடத்துக்கும் கிடைப்பது அரிது. இது சரியில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ‘பாதம் பாதுகாப்போம்’ என்று பாதப் பரிசோதனைக்கென்றே ஒரு திட்டமும் இருக்கிறது. மாத்திரை தரும் தன்னார்வலர் சகோதரி, “அம்மா, காலைக் காட்டுங்க” என்று கேட்பதையும் மாத்திரைப் பட்டியலைப் போலவே கட்டாயப் பதிவாக்க வேண்டும். கிராமத்தில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் உள்ளங்காலைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவராக இருக்கலாம்.

ஒரு காலை இழந்தவருக்கு

தடுப்பு பற்றிய பேச்சு ஒரு காலை இழந்தவர்களுக்கு இனி இல்லை என்று குடும்பங்கள் நினைத்துவிடுகின்றன. உண்மையில் மிக அதிகக் கவனம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். மிச்சமிருக்கும் கால் இரட்டைச் சுமை தாங்குகிறது. அதே சர்க்கரை, அதே நரம்புக் கேடு, அதே ரத்தக்குழாய்கள் அதிலும் உண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே அந்தக் காலுக்கான செருப்பை அளவெடுத்து வாங்குங்கள். ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதப் பிரிவில் காட்டுங்கள். செயற்கைக் கால் பொருத்தியிருந்தால் தினமும் அதைக் கழற்றி, குறைகாலின் நுனியிலும் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.